நாடா இறுகியிருந்த நேரம்

ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாம் ஓரிடத்தில் ஒரே கட்டாகச் சேர்ந்து உள்ளே நுழைகின்றன. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். அதைச் சுற்றி ஒரு வெள்ளை நாடாவைக் கொடுத்து, நாடாவின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ரப்பர் குழாய்த் துண்டுக்குள் நுழைத்து, இழுத்து இறுக்கி, கிளிப் போட்டுவிட்டால் ஈரலுக்குள் போகிற ரத்தம் நின்றுவிடும். கிளிப்பை எடுத்தால் மறுபடி ஓடும். நான் பத்தாவதோடு நின்றவன். இதை எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. வடசென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் அட்டெண்டராக இருந்தபோது சுவரோரம் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது.

அட்டெண்டர் வேலைக்கு வாய் தேவையில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், பிளட் பேங்கிலிருந்து ரத்தம் வாங்கி வர வேண்டும், விளக்கைத் திருப்பச் சொன்னால் திருப்ப வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

புதிதாக மாற்றலாகி வந்த பெரிய டாக்டர் ஒருவர் ஈரல் ஆபரேஷன் செய்ய ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. நாடாவை இறுக்கினால் நேரம் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடம் கட்டி வைக்கலாம், பிறகு ஐந்து நிமிடம் அவிழ்த்துவிட வேண்டும், பிறகு மறுபடி கட்டலாம் என்பது அவருடைய கணக்கு. ரத்தம் இல்லாமல் ஈரல் அதற்கு மேல் கஷ்டப்படும் என்பார். தியேட்டர் கடிகாரம் அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. சிஸ்டருக்கு இரண்டு கையிலும் வேலை. மயக்க டாக்டரம்மாவுக்குத் தன் மெஷினைப் பார்க்கவே நேரம் போதாது. சும்மா நின்றிருந்த ஒரே ஆள் நான்.

"யப்பா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நீ நேரம் சொல்லு" என்றார் பெரிய டாக்டர்.

முதல் தடவை "அஞ்சு" என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. பத்துக்கும் அதே கதை.

"எனக்குக் கேக்கணும்ப்பா. செவுத்துகிட்ட ரகசியம் பேசாத" என்றார் டாக்டர். எல்லோரும் முகமூடிக்குள் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் இதை வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். எங்கள் வீடும் என் அண்ணன் வீடும் கொருக்குப்பேட்டையில் ஒரே சுவரை நடுவில் வைத்து ஒட்டியிருந்தவை. அந்தப் பக்கம் இருந்து அண்ணியின் குரல் வந்தது.

"இன்னா கொய்ந்தனாரே, ஆஸ்பத்திரில நேரம் கூவுற வேல குட்த்துட்டாங்களா? அப்ப நாளைக்கு என் தலக்கறிக்கும் ரெண்டு கொரல் குடு. யாவாரம் பிச்சிக்கும்."

அண்ணி ஆட்டுத் தலையும் காலும் சுட்டுக் கொடுப்பவர். தண்டவாளத்தை ஒட்டி ஒரு தார்ப்பாயின் கீழ் கரி அடுப்பு. சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதி, கம்பியில் குத்திய தலையை நெருப்பில் காட்டி, முடி பொசுங்கியதும் கத்தியால் சுரண்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நாற்றம் எங்கள் தெரு முழுவதும் அடிக்கும். போட்டி என்கிற ஆட்டுக் குடலைக் கழுவிக் கொடுப்பதும் அவர்தான். ஐந்தாறு நாய்கள் எப்போதும் அவர் காலடியில் கிடக்கும்.

எங்கள் பக்கத்துக் கறிக்கடைக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டை அறுத்தால் சில ஈரலில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கொப்புளம் இருக்கும். அதை விற்கமாட்டார்கள். குப்பையில் வீசவும் மனசு வராது. தனியாக ஒரு பையில் போட்டு, "அக்கா, உன் புள்ளைங்களுக்கு" என்று அண்ணியிடம் கொடுத்துவிடுவார்கள். நாய்கள் அதற்குக் காத்துக்கொண்டிருக்கும். தின்றுவிட்டு அண்ணியின் கையை நக்கும். அதே கையால் அவர் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அதில் தப்பு எதுவும் எங்கள் யாருக்கும் தெரிந்ததில்லை.

அண்ணிக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று ஆரம்பித்தது. வாயு என்று பூண்டு தின்றார். சோடா குடித்தார். அந்தப் பக்கம் வயிறு மேடு தட்டியபிறகுதான் என்னிடம் சொன்னார். நானே கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரலுக்குள் தேங்காய் அளவில் ஒரு வட்டம். அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள்.

"நாய் வளக்குறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நான் எங்க சார் வளக்குறேன்? அதுங்களே வளந்துகினு கீதுங்கோ" என்றார் அண்ணி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஆட்டு ஈரலில் இருக்கும் அந்தக் கொப்புளத்தை நாய் தின்றால் நாயின் குடலில் அது புழுவாகும். புழுவின் முட்டை நாயின் மலத்தில் வரும், முடியில் ஒட்டும், அங்கிருந்து மனிதர் கைக்கும் வாய்க்கும் வரும். வயிற்றுக்குள் போய் ஈரலில் உட்கார்ந்து, பல வருடங்கள் சத்தமில்லாமல் கட்டியாக வளரும். உடைந்தால் ஆபத்து. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும்.

அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொன்னார்: "பாரேன், வாடகையும் குடுக்காம இத்தினி வருசம் உள்ள குந்திகினு இருந்திருக்கு. புள்ள குட்டியோட வேற." சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து நாய்கள் கிட்டே வந்தால் கல்லை எடுத்துவிடுவார். எறியமாட்டார். கையில் வைத்துக்கொண்டே இருப்பார். அவை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில வாரம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஆபரேஷனுக்கு நாள் குறித்து, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். ஈரல் என்பது ரத்தத்தில் ஊறின பஞ்சு மாதிரி, எங்கே தொட்டாலும் கசியும். அதனால் வழக்கத்தைவிட அதிகமாகவே கேட்டார்கள். நோயாளிக்கு ஏறும் ரத்தத்துக்கு ஈடாகச் சொந்தக்காரர்கள் ஆள் கூட்டி வந்து கொடுக்க வேண்டும்.

என் அண்ணன் கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறவர். சிமெண்ட் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைக்கும் ஆட்களை அழைத்து வந்தார். பிளட் பேங்க் வாசலில் அவர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரத்தம் எடுத்தா அப்பால மூட்ட தூக்க முடியாதாமே மாமு?" என்றார் ஒருவர்.

"நீ எப்ப தூக்குன? நாங்க தூக்குறத பாத்துகினுதான இருந்த" என்றார் இன்னொருவர். அப்படிச் சொன்னவர்தான் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். மற்றவர்கள் கொடுத்தார்கள். திருவொற்றியூரிலிருந்து வர வேண்டிய என் மனைவியின் தம்பி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கடைசியில் இறங்கி நடந்தே வந்து கொடுத்தான்.

அண்ணன் அந்தப் பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிவப்பாக, தடிமனாக, வரிசையாக இருந்தன.

"இத்தினி பை கேக்குறாங்கன்னா, அவ்ளோவும் ஊத்திடுமாடா?"

நான் அவருக்கு நாடாவைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் உள்ளே போகும் வழியைக் கட்டிவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள், பயப்படாதே என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"கட்டிடுவாங்கன்னா அப்பால எதுக்குடா ரத்தம் கேக்குறாங்க?"

நான் பையில் ஒட்டியிருந்த லேபிளைப் படிப்பதுபோல் குனிந்தேன்.

ஆபரேஷன் அன்று காலையில் வார்டிலிருந்து அண்ணியை நான்தான் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனேன். பச்சைத் துணியை மார்புவரை போர்த்தியிருந்தார். தலையில் பூ இல்லாமல், வளையல் இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நீளமான வராண்டாவில் போகும்போது மிளகும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. முதலில் கேண்டீனிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். கேண்டீன் தாண்டிப் போன பிறகும் வாசனை கூடவே வந்தது.

"அண்ணி, ஏதாச்சும் சாப்ட்டீங்களா?"

"அய்ய, நாஸ்தா ஒண்ணும் துன்னல. நேத்தே சொல்லிட்டாங்கல்ல."

"வாசன வருது அண்ணி."

அவர் கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். "சுவரொட்டி. உங்கண்ணன் வறுத்துக்கினு வந்தாரு. அவ்ளோ ரத்தம் போவப் போவுது, முன்னாடியே கொஞ்சம் ஊற வாணாமா? அது சாப்பாடு இல்ல நைனா, மருந்து. மனுசன் விடியக்காலைல எய்ந்து கடைல நின்னு வாங்கினு வந்திருக்காரு. வாணாம்னு எப்டி சொல்றது?"

ஆட்டு மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்போம். பிள்ளை பெற்றவளுக்கும் ரத்தம் கம்மியானவர்களுக்கும் எங்கள் வீடுகளில் முதலில் அதைத்தான் தேடுவார்கள். ஓர் ஆட்டில் ஒன்றுதான் இருக்கும் என்பதால் கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். அண்ணன் பல ஆட்டுடையதைச் சேர்த்து வாங்கியிருந்தார். அவருக்குத் தெரிந்த கணக்கு அது. வெளியே போகிற ரத்தத்துக்கு உள்ளே கொஞ்சம் வைத்து அனுப்புவது.

வயிற்றில் உணவோடு மயக்கம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். உணவு மேலே ஏறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒரு லாரி க்ளீனருக்கு அப்படி ஆனதைத் துடைத்தவன் நான்.

தியேட்டர் வாசலில் மயக்க டாக்டரம்மா கேட்டார்: "ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லம்மா" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாப்ட்டாங்க மேடம்" என்றேன். சிஸ்டர் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார். "சுவரொட்டி. காலைல. நல்லாவே சாப்ட்டிருக்காங்க."

ஆபரேஷன் நின்றது. பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார். தியேட்டரில் அவர் முறை அடுத்த வாரம்தான் வரும். அண்ணியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன். வார்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று முதலில் அவர் முகம் மலர்ந்தது. பிறகு விஷயம் தெரிந்தது.

"யார்ரா சொன்னது?"

"நான்தான்."

"நீயா? வூட்ல தண்ணி வோணும்னா கூட வாயத் தொறந்து கேக்கமாட்ட. இதுக்கா தொறந்த?"

"வுடுய்யா" என்றார் அண்ணி படுத்தபடியே. "அவரு வேல அது." பிறகு என்னிடம், "இருந்தாலும் கொய்ந்தனாரே, இத்தினி வருசம் கயிச்சி பேசுன மொத பேச்சு, அதுவும் என்னப் பத்தியா?" என்றார்.

நான் சிரித்தேன். அதுதான் அந்த விஷயத்தில் நான் கடைசியாகச் சிரித்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து அண்ணிக்குக் குளிர் ஜுரம் வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினார். மறுநாள் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் கடுங்காப்பி மாதிரி போனது. டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டியின் ஓரம் கசிந்து பித்தக் குழாய்க்குள் திறந்துகொண்டிருக்கிறது, உள்ளே இருக்கும் தோலும் சின்னக் கொப்புளங்களும் குழாயை அடைத்துவிட்டன என்றார். மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஜுரம் கொஞ்சம் இறங்கியது. மஞ்சள் இறங்கவில்லை.

"இனிமே காத்திருக்க முடியாது" என்று பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார். "ஆனா இது போன வாரம் இருந்த ஈரல் இல்லப்பா. களைச்சுப்போன ஈரல். நாடாவ ரொம்ப நேரம் தாங்காது. நீ அன்னைக்கு உள்ள வராத. வேற ஆளப் போடச் சொல்றேன்."

நான் தலையாட்டினேன். அண்ணியிடம் அதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் வாணாம். நான் தூங்கிடுவேன். அங்க எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி யார் கீறாங்க? நீ இரு. பாத்துகினு இரு."

நான் திரும்பிப் போய் டாக்டரிடம், "நான் இருக்கேன் சார்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த முறை அண்ணி வெறும் வயிற்றோடுதான் வந்தார். அண்ணன் வார்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கையில் எதுவும் இல்லை என்று காட்டுகிறவர் போல.

வயிற்றைத் திறந்தார்கள். நான் என் இடத்தில் நின்றேன். ஈரலின் வலது பக்கம் வெளுத்த மேடாகக் கட்டி தெரிந்தது. அதைச் சுற்றிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணிகளை அடுக்கினார்கள். உள்ளே இருப்பது ஒரு சொட்டு சிந்தினாலும் அது போய் விழும் இடத்தில் புதிய கட்டி முளைக்கும் என்பதால். பெரிய டாக்டர் விரலால் துழாவி அந்தக் குழாய்க் கட்டைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் நாடாவைக் கொடுத்து வாங்கினார். ரப்பர் துண்டை ஏற்றினார். இழுத்தார். கிளிப் கடித்த சத்தம் கேட்டது.

"கட்டியாச்சு. நேரம் பாரு."

கொஞ்ச நேரத்தில் ஈரலின் நிறம் மங்கியது. கட்டியைத் திறந்தார்கள். தெளிந்த தண்ணீர் வரும் என்பார்கள். மஞ்சளாகக் குழம்பித்தான் வந்தது. உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு அவித்த முட்டையின் வெள்ளை போல ஒரு தோலை உரித்து எடுத்தார்கள். திராட்சை மாதிரி சின்னக் கொப்புளங்கள் கிண்ணத்தில் விழுந்தன. அவற்றை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். கறிக்கடைப் பையில்.

"அஞ்சு" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"பத்து."

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டியின் கூட்டை ஈரலிலிருந்து பிரிக்கும்போது, ஆழத்தில் பின்பக்கம் ஏதோ கிழிந்தது. கறுத்த ரத்தம் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

"நாடா டைட்டாதான் சார் இருக்கு" என்றார் உதவிக்கு நின்ற சின்ன டாக்டர்.

"இது உள்ள வர்ற ரத்தம் இல்ல. ஈரல்லேருந்து வெளிய போற பெரிய குழாய்லேருந்து திரும்பி வருது. அதுக்கு நாடா உதவாது." பெரிய டாக்டர் விரலை அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தினார். "துணி குடு. இன்னும் குடு."

"பதினஞ்சு" என்றேன்.

நாடாவைத் தளர்த்தினார்கள். உடனே முன்பக்கமும் வழிய ஆரம்பித்தது. இரண்டு பக்க ரத்தமும் சேர்ந்து குழியை நிரப்பியதில் கிழிந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. உறிஞ்சும் குழாய் ஓயாமல் இரைந்தது. பாட்டில் நிரம்பி, நான் ஓடிப்போய் மாற்றினேன். மயக்க டாக்டரம்மா, "பிரஷர் இறங்குது சார்" என்றார். கொண்டுவந்திருந்த ரத்தம் ஒவ்வொரு பையாக ஏறியது. மூட்டை தூக்குகிறவர்களின் ரத்தம்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. "மறுபடி கட்டு" என்றார் பெரிய டாக்டர். கிளிப் கடித்தது. முன்பக்கம் நின்றது. பின்பக்கத்தை விரலால் அழுத்திக்கொண்டே, விரலை நகர்த்தி நகர்த்தித் தையல் போட முயன்றார். ஊசி போடும் இடமெல்லாம் ஈரல் பிய்ந்துகொண்டு வந்தது.

"அஞ்சு... பத்து... பதினஞ்சு."

பதினைந்து என்று சொன்னதும் தளர்த்துவார் என்று காத்திருந்தேன். தளர்த்தவில்லை. என் குரல் கேட்கவில்லையோ என்று, "பதினஞ்சு சார்" என்றேன் மறுபடியும்.

"கேட்டுச்சு. இப்ப விட்டா இங்கயே போயிடுவாங்க. நீ சொல்லிட்டே இரு."

"இருபது."

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நாடாவை விட்டால் அண்ணி ரத்தம் கொட்டியே போய்விடுவார். விடாமல் இருந்தால் ஈரல் செத்துக்கொண்டே வரும். இரண்டுக்கும் நடுவில் என் வாயிலிருந்து போகிற எண்தான் இருந்தது. சொல்லாமல் இருந்தால் நேரம் ஓடாது என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

"இருபத்தஞ்சு."

"முப்பது."

"முப்பத்தஞ்சு" என்று கத்தியேவிட்டேன். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு தையல் ஒன்று பிடித்தது. அதன்மேல் இன்னொன்று. குழிக்குள் துணிகளைத் திணித்து அழுத்தி வைத்துவிட்டு, கிளிப்பை எடுத்தார். நாடா தளர்ந்தது. எல்லோரும் ஈரலையே பார்த்தோம். மெதுவாகச் சிவப்பு திரும்பியது. ஆனால் முழுவதும் திரும்பவில்லை. அங்கங்கே கருநீலத் திட்டுகள் அப்படியே நின்றன.

கை கழுவும் இடத்தில் பெரிய டாக்டர் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றார். "ரத்தத்த நிறுத்திட்டேன்ப்பா. ஈரல் தாங்குமான்னு பாக்கணும்" என்றார்.

அண்ணிக்கு நினைவு திரும்பியது. மறுநாள் நான் ஐ.சி.யு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"உள்ள இருந்தியா?" என்று கேட்டார். குரல் காற்றாக வந்தது.

"இருந்தேன் அண்ணி."

"இன்னா பண்ண?"

"நேரம் சொன்னேன்."

"நேரம் சொல்ல ஒரு ஆளா? கவுர்மெண்டாண்ட துட்டு ரொம்ப கீது போல."

வெளியே போய் அண்ணனிடம் அதைச் சொன்னேன். பொழைத்துவிட்டாள் என்று அவர் அழுதார். பக்கத்தில் நின்ற யார்டு ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அந்த டீயைக் குடித்தேன். அந்தக் கருநீலத் திட்டுகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாளே மஞ்சள் ஏறியது. கண், நகம், நாக்குக்கு அடிப்பக்கம் என்று எங்கும் மஞ்சள். ஊசி குத்திய இடங்களில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. பேச்சு குழம்பியது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு, "கால் வாட்டியாச்சு, எட்த்துக்கினு போ" என்பார். "தோ, அது என்து இல்ல, பாய் கடத் தல" என்பார். கையைத் தூக்கினால் அது தானாகப் படபடவென்று ஆடும். என்னை யாரென்று தெரியவில்லை. அண்ணனை ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்து, சாயங்காலமாக வரச் சொன்னார். அவர் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். அந்தச் சாயங்காலம் அண்ணி போய்விட்டார்.

உடலைக் கொடுப்பதற்கு முன் பெரிய டாக்டரை அவர் அறையில் போய்ப் பார்த்தேன். நானாக ஒரு டாக்டரின் அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கே பண்ணியிருந்தா பொழச்சிருப்பாங்களா சார்?"

"மஞ்சள் இல்லாத ஈரலா இருந்தா அவ்வளவு நேரம் தாங்கியிருக்கலாம். ஆனா வயித்துல சாப்பாட்டோட மயக்கம் குடுத்திருந்தா, கத்திய எடுக்குறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். ரெண்டுல எதுன்னு என்னால சொல்ல முடியாது. நீ சொன்னது சரி."

சரி என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். அண்ணனும் நானும் மட்டும் பின்னால் நடந்து வந்தோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று வந்து பாதியில் நின்றுவிட்டது. லாரிகள், சைக்கிள்கள், ஆட்டோக்கள் எல்லாம் சேர்ந்துவிட்டன. சிலர் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து போனார்கள். அண்ணனின் தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், சொல்றியா?" என்றார்.

"கேளுண்ணா."

"அன்னிக்கு நீ சொல்லாம வுட்டிருந்தா பொழச்சிருப்பாளா?"

பொழைத்திருப்பார் என்று சொன்னால் என் வாய்தான் அவரைக் கொன்றது. அன்றைக்கே போயிருப்பார் என்று சொன்னால் அண்ணன் விடியற்காலையில் எழுந்து வறுத்தெடுத்ததுதான் கொன்றது. டாக்டர் சொன்ன இரண்டையும் அப்படியே சொல்லிவிடலாம். ஆனால் அண்ணன் அதில் தனக்கு எதிரானதை மட்டும்தான் எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

"தெரியலண்ணா" என்றேன். "டாக்டருக்கும் தெரியல."

"அவருக்குத் தெரியும். உன்னாண்ட சொல்லியிருக்க மாட்டாரு."

"கேட்டேன்ணா. தெரியலன்னுதான் சொன்னாரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு வண்டியைப் பார்த்துக்கொண்டு, "அந்தச் சுவரொட்டில அவளுக்கு மொளவு பத்தல. 'இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்யா'ன்னா. முய்க்கத் துன்னுட்டுதான் அத்தச் சொன்னா" என்றார்.

வண்டி குலுங்கி நகர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டிப் போனது. கேட் தூக்கினார்கள். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் அசிங்கமாகத் திட்டினான். அண்ணன் நகரவே இல்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினேன்.